பீஸ் கட்டையும் பி.எஸ்ஸி. கணக்கும்

எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள் நான். எங்கள் வகுப்புப் பெண்களை உட்காரவைத்தால் ஒரு பெஞ்சுகூட நிறையாது. கம்மாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். இந்தக் கணக்கெல்லாம் எதற்கு உதவும் என்று வீட்டில் கேட்பார்கள். எனக்குப் பதில் தெரியாது, அதனாலேயே கோபம் வரும். அப்படி இருக்கும்போது, மூன்றாம் வருஷம், எல்லாத் துறை மாணவர்களும் சேர்ந்து ஊருக்குப் பயன்படுகிற மாதிரி ஒரு வேலை செய்ய வேண்டும், அதற்கு மதிப்பெண்ணும் உண்டு என்று அறிவித்தார்கள். நான் நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது.

பொறுப்பைப் பொருளாதாரத் துறை சாரிடம் கொடுத்தார்கள். சைக்கிள் ஸ்டாண்டில் நின்று பேசினாலும் மேடையில் பேசுகிற மாதிரிதான் பேசுவார். அவர் எங்களைப் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டுக்கு அழைத்துப் போனார். ஷெட்டை நடத்தியவர் ஓர் அக்கா. மண்ணை வார்க்கிற அச்சு செய்யும் வேலையெல்லாம் பார்த்த அவர் கணவர் நெஞ்சு வியாதியில் படுத்துவிட்டார். இரண்டு மூன்று பெண்களைக் கூலிக்கு வைத்துக்கொண்டு அக்காவே எப்படியோ இழுத்துக்கொண்டிருந்தார். மெயின் போர்டில் ஃபியூஸ் கம்பி மாட்டுகிற வெள்ளைப் பீங்கான் இருக்கிறதே, அதற்கு எங்கள் பக்கம் பீஸ் கட்டை என்று பேர். மெட்ராஸ் வியாபாரி ஒருவர் புது அளவில் பீஸ் கட்டை கேட்டிருந்தார். முதல் சரக்கு சரியாக இருந்தால் தொடர்ந்து எடுப்பதாகச் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் ஷெட்டை விட்டுவிட வேண்டியதுதான் என்று அக்கா எங்களிடமே சொன்னார்.

சிக்கல் இதுதான். பச்சை மண்ணில் செய்த கட்டை காய்ந்து, சூளையில் வெந்து வெளியே வரும்போது சுருங்கிவிடும். அதற்குத் தக்கபடி அச்சைப் பெரிதாகச் செய்ய வேண்டும். அக்கா வாங்கியிருந்த மண் புதுசு, அதனால் பழைய அச்சு அளவுகள் உதவவில்லை. வேதியியல் மாணவர்கள் கல்லூரி ஆய்வகத்தின் சின்ன உலையில் விரல் நீளத்துக்குப் பட்டைகள் சுட்டுப் பார்த்து, நூற்றுக்குப் பன்னிரண்டு சுருங்குகிறது என்று சரியாகவே கண்டுபிடித்தார்கள். வெந்த கட்டை நூறு மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். அப்படியானால் அச்சு எவ்வளவு? அதைச் சொல்வது என் வேலை.

நூற்றுப் பதிமூன்றரைக்குக் கொஞ்சம் மேலே என்று சொன்னேன். பொருளாதார சார் சிரித்தார்.

"ஏம்மா, பன்னெண்டு சுருங்குது. பன்னெண்டக் கூட்டு. நூத்திப் பன்னெண்டு. இதுக்குப் போயி எதுக்கு வகுத்துக்கிட்டு?"

"சூளையில போறது நூறு இல்லைங்க சார், நூத்திப் பன்னெண்டு. அதுல நூத்துக்குப் பன்னெண்டு போனா தொண்ணூத்தெட்டரைதான் நிக்கும்."

"ஜனங்களுக்குப் புரியற கணக்கா இருக்கணும்மா. இந்தத் திட்டத்தோட நோக்கமே அதுதான்" என்றார். கூட இருந்த பையன்கள் தலையாட்டினார்கள். ஜனங்களுக்குப் புரிய வேண்டும் என்று மண் கொஞ்சமாகச் சுருங்குமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் கணிதப் பேராசிரியரிடம் போனேன். எப்ஸிலான் என்ற ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு, எவ்வளவு சின்னதாக இருந்தாலும் வித்தியாசம் வித்தியாசம்தான் என்று வாரக்கணக்கில் எங்களை வறுத்தெடுத்தவர் அவர். ஒரு குறி விட்டுப்போனாலும் முழு விடையையும் அடித்துவிடுவார். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "நீ சொல்றதுதான் கரெக்ட்டு" என்றார். எனக்கு உயிர் வந்தது.

"ஆனா ஒன்றரை மில்லிமீட்டர்தானேம்மா. நெக்லிஜிபிள். அதுக்காக ஒரு சீனியர்கிட்ட நான் போயி என்னன்னு பேசறது? தவிர, இதெல்லாம் நம்ம சப்ஜெக்ட்டும் இல்ல."

கரும்பலகைக்கு வெளியே இருக்கிற மில்லிமீட்டர் அவருக்கு மில்லிமீட்டரே இல்லை போலிருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டு வந்தேன்.

கடைசியில் அக்காவிடமே போய்ச் சொன்னேன். ஒரு பச்சைக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினேன். "ஒண்ணே ஒண்ணு மொதல்ல சுட்டுப் பாருங்கக்கா" என்று கெஞ்சினேன்.

"ஒத்தக் கட்டைக்கு யாரு பாப்பா சூளையில எடம் குடுப்பாங்க?"

அதுவும் நிஜம்தான். கல்லூரியின் சின்ன உலைக்குள் முழுக் கட்டை நுழையாது. சின்ன ஷெட்டுகளுக்குச் சொந்தச் சூளை கிடையாது. பேட்டைக்குப் பொதுவாக ஒரு சூளை, அதில் முறை வைத்துத்தான் சரக்கை அடுக்கலாம். ஒரு முறையை விட்டால் அடுத்ததற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்தத் தடவை அக்காவுக்குச் சீக்கிரம் கிடைத்ததே, பொருளாதார சார் சூளைப் பொறுப்பாளரிடம் பேசியதால்தான். கல்லூரி ஆண்டு விழாவுக்குள் வேலை முடிந்ததாகக் காட்ட வேண்டும் என்பது அவர் அவசரம்.

"அவரு சொல்லித்தான் முறை கெடச்சிருக்குது. அவரு சொன்ன அளவ வுட்டுட்டு வேற அளவுல செஞ்சா என்ன நெனப்பாரு? நாளைக்கு இன்னொரு முறை வேணும்னா நான் எங்க போறது?" என்றார் அக்கா. "காலேஜு சாரு சொல்றது தப்பாவா இருக்கும், வுடு பாப்பா."

சூளை திறந்த அன்று சார் போட்டோக்காரரோடு வந்தார். கட்டைகள் பளபளவென்று இருந்தன, ஒன்றில்கூடக் கீறல் இல்லை. அக்கா முகமெல்லாம் சிரிப்பு. கட்டைக்குள் மாட்டுவதற்காக வியாபாரி அனுப்பியிருந்த பித்தளைத் தகட்டை எடுத்து ஒரு கட்டையின் பள்ளத்தில் வைத்தார். உட்காரவில்லை. இன்னொன்றை எடுத்தார், அதிலும் உட்காரவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். வெந்த பீங்கானை இழுத்துப் பெரிதாக்கவும் முடியாது, திரும்ப மண்ணாக்கவும் முடியாது. சரக்கு முழுவதும் அப்படித்தான் இருந்தது.

சார் ஒரு கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மண்ணு சரியில்லம்மா" என்றார். "சரி, போட்டோ எடுத்துடலாம், எல்லாரும் வாங்க."

"நூத்திப் பதிமூணரை சார். நான் அன்னிக்கே சொன்னேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர் வெளிச்சம் போதுமா என்று போட்டோக்காரரைக் கேட்டார். அறிக்கையில் மண்ணின் தரக்குறைவு என்று பூசி மெழுகினார்கள். எங்கள் எல்லோருக்கும் நல்ல மதிப்பெண்.

ஆண்டு விழாவில் அக்காவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கல்லூரியால் பயன்பெற்றவராம். பொன்னாடை போர்த்தி, சாரே மைக்கை அவர் வாய்க்கு நேரே பிடித்தார். "சாருக்கும் காலேஜு பிள்ளைங்களுக்கும் ரொம்ப நன்றிங்க. எங்க ஷெட்டுக்கு நல்லது செஞ்சாங்க" என்றார் அக்கா. எல்லோரும் கைதட்டினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏங்க்கா, சரக்க நாசம் பண்ணவருக்குப் போயி நன்றி சொல்றீங்களே?"

"அடுத்த முறையும் அவரு வாயாலதானே வரணும் பாப்பா" என்றார். பொன்னாடையை மடித்துப் பைக்குள் வைத்தார். "நீ சொன்ன அளவ இன்னொரு தரம் சொல்லு. மனசுல வச்சுக்கறேன்."

சொன்னேன்.

அடுத்த முறையும் வந்தது. இந்தத் தடவை அச்சு என் அளவில். சூளை திறந்தபோது நானும் போயிருந்தேன். தகடு பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. மெட்ராஸ் வியாபாரி அதற்குள் இரண்டு ஷெட் தள்ளி வேறொருவரிடம் சரக்கு எடுக்க ஆரம்பித்திருந்தார். கொஞ்ச நாளில் அக்கா அந்த ஷெட்டுக்கே கூலிக்குப் போனார், அதே பீஸ் கட்டைக்குப் பிசிறு சுரண்ட.