ரேடியோவின் பின்பக்க ஓட்டை

காலை ஆறரை மணிக்கு ஆலங்காயத்தில் வந்து இறங்கினேன். முதல் நாள் இரவு சென்னையில் ரயில் ஏறி, விடியாத நேரத்தில் வாணியம்பாடியில் இறங்கி, அங்கிருந்து ஒரு பஸ் பிடித்து வந்திருந்தேன். மலைமேல் ஜமுனாமரத்தூர் போகும் வண்டி ஏழு மணிக்கு என்றார்கள். அதை விட்டால் மத்தியானம்தான். தோளில் துணிப்பை, கையில் ஓர் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் இன்னும் கடைக்கு வராத புது மாடல் ரேடியோ. அதை மடியை விட்டு இறக்கக் கூடாது என்று அலுவலகத்தில் உத்தரவு.

எதற்காகப் போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் தொடக்கம் அது. சந்தை ஆய்வு செய்து தரும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்த்தேன். எங்களை அமர்த்தியிருந்தது டார்ச்சுக்குப் போடுகிற பேட்டரி செல்லும் ரேடியோவும் தயாரிக்கும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி. அதன் தலைமையகம் லண்டனா நியூயார்க்கா என்பதில் எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு கட்சி இருந்தது. அந்தக் கம்பெனிக்கு ஒரு குழப்பம். ஜவ்வாது மலைக்கு ரேடியோ நிறையப் போகிறது, செல் போகவில்லை. மலைக்காரர்கள் காசு கொடுத்து ரேடியோ வாங்கி, அதைப் பாடவிடாமல் வைத்து அழகு பார்க்கிறார்கள் என்றுதான் அந்தக் கணக்குப்படி ஆகிறது. ஏன் என்று பார்த்து வா, அப்படியே புது மாடலைக் காட்டி நிறம் பிடிக்கிறதா என்றும் கேட்டு வா என்று அனுப்பினார்கள்.

பஸ்ஸில் உப்பு மூட்டைகளுக்கும் மண்ணெண்ணெய் டின்களுக்கும் நடுவே ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். என் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. டிக்கெட் கிழிக்கும்போது கண்டக்டர் காரணத்தை உடைத்தார்.

"ஏம்மா, கு.க. ஆபரேசனுக்கு ஆள் புடிக்கத்தான வர்றீங்க?"

தனியாக ஒரு பெண் பையோடு மலை ஏறினால் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் சேர்க்கத்தான் என்பது அங்கே முடிவாகிவிட்ட சங்கதி போலிருக்கிறது. பெட்டியைத் திறந்து ரேடியோவைக் காட்டினேன். பத்து தலைகள் எட்டிப் பார்த்தன. அடுத்த வளைவுக்குள் என் பக்கத்தில் இருவர் உட்கார்ந்துவிட்டார்கள், ஒருவர் தன் மூட்டையையும் என் காலில் சாய்த்துவிட்டார்.

எட்டேகாலுக்குக் காவலூர். வானம் பார்க்கிற நிலையத்தின் வெள்ளைக் குமிழ்க்கூரை மரங்களுக்கு மேலே தெரிந்தது. அங்கே வேலை செய்கிற மூன்று நான்கு பேர் இறங்கினார்கள். ஒருவர் கையில் முழங்கை நீளத்துக்கு டார்ச். செல் வாங்குகிற ஒரு மனிதரையாவது பார்த்தோமே என்று மனதில் குறித்துக்கொண்டேன். அதற்கு மேல் பாதை மோசம். ஒரு மணி நேரம் குலுங்கி ஜமுனாமரத்தூரில் இறங்கியபோது முதுகெலும்பு தனியாக, நான் தனியாக இருந்தேன்.

பத்து மணிக்கு முதல் வீட்டுக்குள் நுழைந்தேன். கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் ரேடியோ சினிமாப் பாட்டு பாடிக்கொண்டிருந்தது. எங்கள் கம்பெனி ரேடியோதான். மாதம் எத்தனை செல் வாங்குவீர்கள் என்று கேட்டேன். செல்லே போடுவதில்லை என்றார். சிரித்துக்கொண்டே பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். நான்கு செல் இருக்க வேண்டிய இடம் துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தது. வயிற்றில் ஒன்றுமில்லாத அந்த ரேடியோ என் முகத்துக்கு எதிரே நிறுத்தாமல் பாடியது.

அந்தப் பெண் கூரையைக் காட்டினார். ரேடியோவின் பின்பக்கத்தில், ஓரமாக, ஒரு சின்ன ஓட்டை. அதில் செருகியிருந்த ஒயர் சுவர்வழியாக ஏறி, மேலே கட்டியிருந்த ஒரு மூங்கில் குழாய்க்குள் போயிற்று. குழாய்க்குள் எட்டுப் பழைய செல்கள் வரிசையாக இருந்தன. டார்ச்சில் போட்டு எரித்து, இனி ஆகாது என்று தூக்கிப் போடுகிற செல்கள். நான்கு புதுச் செல் செய்கிற வேலையை எட்டுச் செத்த செல் கூடிச் செய்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டிலும் அதே குழாய், அதற்கடுத்த வீட்டிலும் அதே. ஒரு வாசலில் புளியங்கொட்டைக்குப் பக்கத்தில் செல்களையும் முறத்தில் பரப்பி வெயிலில் காயவைத்திருந்தார்கள். யார் செய்தது என்று கேட்டால் எல்லாரும் ஒரே பெயரைச் சொன்னார்கள்: வேடியப்பன்.

வேடியப்பன் சந்தைத் திடலை ஒட்டி ஒரு தகரக் கொட்டகையில் ரேடியோ, டார்ச், கைக்கடிகாரம் எல்லாம் பழுது பார்க்கிறவர். நாற்பது வயதிருக்கும். கம்பெனிக்காக வந்திருக்கிறேன் என்றதும் அவர் ஆச்சரியப்படவே இல்லை. இத்தனை நாள் ஏன் தாமதம் என்பதுபோல் பார்த்தார்.

"வருவீங்கன்னு தெரியும். குந்துங்க," என்று ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார்.

அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. கம்பெனிக்காரன் மூளையும் தன் மூளையும் ஒரே மாதிரி வேலை செய்கிறதாம். வெயிலில் வைத்தால் சூரியன் செல்லுக்குள் மறுபடி கரண்டை ஊற்றிவிடுகிறது என்று விளக்கினார். பள்ளிக்கூடத்தில் நான் படித்த கொஞ்ச விஞ்ஞானம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ரேடியோ பாடுகிறது, என்ன செய்வது? பழைய செல்கள் காவலூர் நிலையத்துக் காவல்காரர்களிடமிருந்து வருகின்றன. இரவெல்லாம் டார்ச்சோடு நடக்கிறவர்கள் வெளிச்சம் கொஞ்சம் மங்கியதுமே செல்லை மாற்றிவிடுவார்களாம்.

அந்த ஓட்டையைப் பற்றிக் கேட்டேன். பட்டணத்து வீடுகளில் செல் இல்லாமல் கரண்டில் பாடவைக்க, அடாப்டர் ஒயரைச் செருகுவதற்காகக் கம்பெனி வைத்தது அது. இந்த மலையில் அன்று பெரும்பாலான வீடுகளில் மின்சாரமே இல்லை. எங்கோ ஒரு தேசத்தில், எவரோ ஒருவர், பட்டணத்துக்காரர்களை நினைத்து வரைந்த ஓட்டைக்கு அளவெடுத்துத்தான் இந்த மலை தன் கண்டுபிடிப்பைச் செய்திருந்தது. வேடியப்பனுக்கோ அதில் வேறு நம்பிக்கை.

"ஓட்ட வுட்டதே நம்மளுக்காகத்தாங்க. மீதிய நீ பண்ணிக்கோன்னு வுட்டுட்டான்."

கம்பெனி ஒருநாள் வரும், குழாயைப் பார்க்கும், தனக்கு ஏஜென்சி கொடுக்கும் என்று அவர் உறுதியாக இருந்தார். புது ரேடியோ வரப்போகிறது என்று ஆலங்காயத்தில் கேள்விப்பட்டு, இரண்டு ஆட்டை விற்றுக் குழாய் முனைக்குத் தகரமும் ஒயரும் வாங்கியிருக்கிறார். கொட்டகைப் பரணில் புதுக் குழாய்கள் கரும்புக்கட்டுபோல் அடுக்கியிருந்தன. அவர் மனைவி பச்சையம்மா நிலத்திலிருந்து அப்போதுதான் வந்தவர், அந்தக் கட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆடு யாருடையது என்பது எனக்கு அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

பெட்டியைத் திறந்து புது ரேடியோவை அவர் கையில் கொடுத்தேன். நிறம் எப்படி என்று கேட்க வேண்டியது என் வேலை, கேட்டேன். அவர் காதில் விழவில்லை. ரேடியோவைத் திருப்பினார். மேலே, கீழே, இடப்பக்கம், வலப்பக்கம். மறுபடி திருப்பினார். நானும் அப்போதுதான் பார்த்தேன். ஓட்டை இல்லை. பின்பக்கம் வழவழவென்று மூடியிருந்தது.

வேடியப்பன் மூடியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதுவரை வாய் ஓயாத மனிதர் அப்படி உட்கார்ந்தது எனக்குச் சங்கடமாக இருந்தது. பச்சையம்மாதான் கேட்டார்.

"ஏம்மா, எங்களப் பாத்துட்டு அடைச்சாங்களா, பாக்காமயே அடைச்சாங்களா?"

பார்த்துவிட்டு அடைத்திருந்தால் என்னைப்போல் ஒருத்தி முன்பே இங்கே வந்து போயிருக்க வேண்டும். பார்க்காமலே அடைத்திருந்தால், பட்டணத்துக்கு வேறு மாடல் போட்டுக்கொண்டு, இதில் நாலு காசு மிச்சம் பிடித்திருப்பார்கள், அவ்வளவுதான். எது கெட்டது, எதைச் சொன்னால் இவர்களுக்கு ஆறுதல் என்று இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்தேன். தெரியாது என்று மட்டும் சொன்னேன். அது உண்மையும்கூட.

மத்தியானம் பச்சையம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் போட்டார். நல்ல பசி, தலை நிமிராமல் சாப்பிட்டேன். பாதிச் சோற்றில் ஏதோ கருகுகிற நாற்றம் வந்தது. அடுப்பிலிருந்து இல்லை, கொட்டகைப் பக்கமிருந்து. ரேடியோவை அங்கேயே வைத்துவிட்டு வந்தது அப்போதுதான் உறைத்தது. எச்சில் கையோடு ஓடினேன்.

வேடியப்பன் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ரேடியோவின் பின்பக்கத்தில் ஓட்டை போட்டு முடித்திருந்தார். உள்ளே இரண்டு ஒயரைப் பற்றவைத்து, குழாயையும் செருகிவிட்டார். கடைக்கே வராத அந்த ரேடியோ கணீரென்று பாடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இது திருப்பிக் கொடுக்க வேண்டியது, என் வேலையே போய்விடும் என்று கத்தினேன். அவர் கொஞ்சமும் அசையவில்லை.

"குடுங்க. ஓட்டையோடயே குடுங்க. வெக்க மறந்துட்டீங்க, வேடியப்பன் வெச்சுக் குடுத்தான்னு சொல்லுங்க. பேரு சொல்லணும்."

கோபத்தில் கிளம்பினேன். ஆனாலும், பஸ் நிறுத்தத்துக்கு நடக்கிற தூரத்தில் அந்தக் கோபம் பாதி கரைந்துவிட்டது. ஓட்டை சுத்தமாக இருந்தது. ஓரத்தைத் தேய்த்து மழமழப்பாக்கியிருந்தார். தெரியாதவர்கள் பார்த்தால் கம்பெனியே வைத்தது என்பார்கள்.

மாலை நான்கு மணிக்கு வண்டி புறப்படும் சமயம் பச்சையம்மா ஜன்னலருகே வந்தார். கணவர் பின்னால் தூரத்தில் நின்றார். ஒரு பொட்டலம் புளியை மடியில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பேரச் சொல்லிடாதீங்கம்மா. எங்க வயித்துல மண்ணு வுழுந்துடும்."

தூரத்தில் நின்றவர் கையை உயர்த்தித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். சொல்லுங்கள் என்று அவர், சொல்லாதீர்கள் என்று இவர். நான் இருவருக்கும் சேர்த்துத் தலையை ஆட்டினேன். காவலூர் தாண்டி இறங்குகிறவரை, என் விரல் அந்த ஓட்டையையே தடவிக்கொண்டு வந்தது. பெயரைச் சொன்னால் கம்பெனி அவரைக் கூப்பிட்டு ஏஜென்சி கொடுக்குமா, அல்லது அடுத்த மாடலில் உள்ளே ஒயர் பற்றவைக்கவே முடியாதபடி மூடி ஒட்டிவிடுமா? சொல்லாவிட்டால் அவர் பிழைத்துக்கொள்வாரா, அல்லது பரணில் குழாயோடு காத்துக்கொண்டே இருப்பாரா? ரயிலிலும் தூங்கவில்லை.

சென்னையில் வீட்டுக்கு வந்ததும் எங்கள் ரேடியோவைத் திருப்பிப் பார்த்தேன். அந்த ஓட்டையில்தான் ஒயர் செருகியிருந்தது. தினமும் பாட்டுக் கேட்டும் அதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

மறுநாள் கம்பெனி அதிகாரி புது ரேடியோவை வாங்கி, ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். குழாயைப் பற்றி முழுக்கச் சொன்னேன். கோபப்படவில்லை, கெட்டிக்காரர்கள் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அவர்கள் பக்கமா, கம்பெனி பக்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அடுத்து, யார் செய்தது என்று கேட்பார் என்று காத்து நின்றேன்.

"எத்தனை வீட்டில் இருக்கிறது?" என்று கேட்டார்.

பார்த்தவரைக்கும் சொன்னேன். அதை எழுதிக்கொண்டார். பிறகு நிறம் பிடித்திருந்ததா என்று கேட்டார். நிறத்தை யாரும் கவனிக்கவில்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டு பேனாவை மூடினார். யார் என்று அவர் கேட்கவே இல்லை. கதவுவரை போனவள் திரும்பி நின்றேன்.

"வேடியப்பன்," என்றேன்.

"என்னம்மா?" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

"ஒன்றுமில்லை சார்," என்றேன்.