காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர்

அந்த அறிவிப்பை அவளுக்குக் காட்டியது நான்தான். எங்கே தொடங்கினாலும் இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

தென்காசிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நாங்கள் இருவரும் தற்காலிக ஆசிரியைகளாக இருந்தோம். நான் வேதியியல், அவள் தாவரவியல். ஒரே வருடம் சேர்ந்தவர்கள், ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒரு பங்குனி மாதக் காலையில் மேலகரத்தில் பஸ் ஏறி உட்கார்ந்து போன் திரையைத் தள்ளிக்கொண்டே வந்தபோது அது கண்ணில் பட்டது. வெளிமாநிலத்தில் ஓர் ஆய்வு நிறுவனம். முனைவர் பட்டத்துக்கு ஐந்து வருட ஆராய்ச்சி, மாதாமாதம் உதவித்தொகை. ஆய்வு ஒரே துறைக்குள் அடங்கிவிடக் கூடாது என்பது நிபந்தனை. அறிவியலில் ஒரு வழிகாட்டி, சமூகவியலிலோ பொருளாதாரத்திலோ இன்னொரு வழிகாட்டி.

எனக்காகவே எழுதியது போலிருந்தது. குற்றாலத்தில் சீசன் முழுக்க ஜனங்கள் தேய்த்துக் குளிக்கும் எண்ணெயும், கூடாதென்று போர்டு வைத்தும் நிற்காத சோப்பும் ஷாம்பூவும் சிற்றாற்றில் இறங்கி வயலுக்குப் போகும்போது என்ன ஆகின்றன என்று ஆறு மாதமாகப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் சோதித்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை, என் ஆசைக்குச் செய்தேன். அந்தத் தெம்பில்தான் அவளிடம் காட்டினேன். அவள் போட்டிக்கு வருவாள் என்று நினைக்கவே இல்லை. ஆய்வு என்று சொல்லிக்கொள்ள அவள் கையில் ஒன்றும் கிடையாது.

பத்து நாள் கழித்து நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள்.

"ஏட்டி, இதக் கொஞ்சம் படிச்சுப் பாரேன். ஒனக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

அவள் ஊர் சுந்தரபாண்டியபுரம். ஆடி மாதம் சூரியகாந்தி பூத்தால் எங்கிருந்தெல்லாமோ கார் போட்டு வந்து இறங்குவார்கள். வயலுக்குள் நின்று போட்டோ எடுப்பார்கள். செடி மிதிபடும், தேனீ விலகிப் போகும், விதை பிடிக்காது. அதே சமயம் அந்தக் கூட்டத்தை நம்பி ஊரில் டீக்கடையும் வெள்ளரிக்காய் வியாபாரமும் முளைத்திருந்தன. அவளுடைய பெரியப்பா அவளிடம் சொன்னதையே கட்டுரையின் முதல் வரியாக வைத்திருந்தாள்: "இது எண்ணெய்க்கு விதைச்சதா, போட்டோவுக்கு விதைச்சதான்னு எனக்கே தெரியலம்மா."

படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. ஆறு மாதம் பாட்டில் சுமந்தவள் நான். என்னுடைய கட்டுரையில் அட்டவணை அட்டவணையாக இருந்தது. வயலில் நிற்கும் ஒரு மனிதர்கூட அதில் இல்லை. இவளோ பெரியப்பா வீட்டில் காப்பி குடித்துவிட்டு வந்து எழுதிவிட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றேன். "ஆனா முத வரி கத மாதிரி இருக்குட்டி. அவங்க சிரிப்பாங்க. எடுத்துரு."

"அப்படியா சொல்லுத?" என்று ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு என் கண் முன்னாலேயே அந்த வரியை அடித்துவிட்டாள்.

இருவருக்கும் நேர்காணல் அழைப்பு வந்தது. ஆன்லைனில்தான். என்னிடம் நீரின் கார அளவைப் பற்றியும் கருவியைப் பற்றியும் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன். அவள் மறுநாள் வந்து உற்சாகமாகச் சொன்னாள்: "எதுக்கு இந்தத் தலைப்புன்னு கேட்டாங்க. பெரியப்பா சொன்னதச் சொன்னேன். மூணு பேரும் நிமிந்து ஒக்காந்துட்டாங்கட்டி. நீ எடுக்கச் சொன்னதும் நல்லதாப் போச்சு. எழுத்துலயே இருந்திருந்தா நேர்ல சொல்ல எனக்கு என்ன இருக்கும்?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

ஆனி மாதம் முடிவு வந்தது. தேர்வானவர்களில் அவள் பெயர் இருந்தது. அதற்குக் கீழே காத்திருப்போர் என்று ஒரு தலைப்பு. அதில் முதலில் என் பெயர். யாராவது ஒருவர் சேராமல் போனால் அந்த இடம் எனக்கு.

கல்லூரியில் அவளுக்குக் கேசரி செய்து கொண்டாடினார்கள். "எனக்குக் கிடைக்கல" என்று மட்டும் எல்லாரிடமும் சொன்னேன். காத்திருப்போர் பட்டியலைப் பற்றி மூச்சு விடவில்லை. அதன் பிறகு நான் வேண்டிக்கொண்டதெல்லாம் ஒன்றுதான். தேர்வானவர்கள் பட்டியலில் முகம் தெரியாத மற்றவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் விலகினாலும் எனக்குப் போதும். ஆனால் என் மனது அவர்கள் பக்கம் போகவே இல்லை. இவள் போகக் கூடாது என்றே நினைத்தது.

அந்தச் சமயம் பார்த்து அவளுக்கு அச்சன்புதூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை ராணுவத்தில். பெண் உள்ளூரில் வேலை பார்க்கலாம், வெளியூர் போய்ப் படிப்பதெல்லாம் வேண்டாம் என்றார்களாம். அவள் இதைப் புலம்பலாகச் சொன்னபோது என் உள்ளே ஒரு துளிர் விட்டது. அதற்கு வேறு பெயர் சொல்ல முடியாது.

சாரல் நன்றாக இறங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் அவள் அம்மாவும் நானும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். நானும் அவள் அம்மாவும் முதலில் குளித்துவிட்டு வெளியே வந்தோம். அவள் இன்னும் பெண்கள் பக்கக் கூட்டத்துக்குள் தலையைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தாள். அவள் அம்மா ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு என் அருகில் வந்தார்.

"ஏட்டி, நீ வெவரம் தெரிஞ்சவ. அஞ்சு வருசம்னு சொல்லுதா. நெசமா அஞ்சுல முடிஞ்சுருமா?"

"அஞ்சுல முடிஞ்சா நல்லதுதான் அத்த. ஆறு ஏழு வருசமும் ஆவும்."

"ஏழா! முடிச்சு வந்தா வேலைக்கு உத்தரவாதம் உண்டா?"

"அதச் சொல்ல முடியாது அத்த. முடிச்சவங்க எத்தனையோ பேரு சும்மாதான் இருக்காங்க."

அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். நான் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் எனக்கு வசதியாகவும் இருந்தது. அருவியிலிருந்து அவள் நடுங்கிக்கொண்டே வந்து என் தோளைப் பிடித்தபோது, அவளுக்குத் துண்டை எடுத்து நானே கொடுத்தேன்.

அடுத்த இரண்டு நாள் அவள் கல்லூரிக்கு வரவில்லை. போனும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் மாலை தென்காசி பஸ் ஸ்டாண்டில் எனக்காக நின்றுகொண்டிருந்தாள். கண் இமையெல்லாம் வீங்கியிருந்தது.

"அம்மைட்ட என்னட்டி சொன்ன?"

"கேட்டாங்க. உள்ளதச் சொன்னேன்."

"உள்ளதா?" அவள் குரல் உயரவில்லை. "நான் போகலேன்னா ஒனக்குத்தான் சீட்டு. அதுவும் உள்ளதுதானே? அத ஏன் சொல்லல?"

தோள் பையை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"அந்த லிஸ்ட்ட நான் பாக்க மாட்டேன்னு நெனச்சியா? அன்னைக்கே பாத்துட்டேன். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

செங்கோட்டை பஸ் ஒன்று வந்து நின்று கிளம்பிப் போனது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அழுது கிழுது வைக்காத. எங்க வீட்டுக்கு வா. அம்மைட்ட பாதியச் சொல்லிட்டெல்லா, மிச்சத்தையும் வந்து சொல்லு."

அன்றைக்கே போனேன். அவள் அப்பா ஓய்வுபெற்ற போலீஸ்காரர். நாற்காலியில் உட்கார்ந்து டிவியை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் முன்னால் வாக்குமூலம் கொடுப்பது போலத்தான் இருந்தது. அவள் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"அத்த, நான் சொன்னது பொய்யில்ல," என்று தொடங்கினேன். "ஆனா இவ போகலேன்னா அந்த எடம் எனக்கு வரும். அதுக்காகத்தான் சொன்னேன். இவளுக்குக் கெடச்சது எனக்குப் பொறுக்கல."

துருவுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்தேன்.

"ஒனக்குக் கெடச்சிருந்தா போயிருப்பியா? ஏழு வருசம்னாலும்?"

"பத்து வருசம்னாலும் போயிருப்பேன் அத்த."

அவர் துருவிய தேங்காயை ஒதுக்கி வைத்தார். பிறகு அவர் கணவர் பக்கம் திரும்பினார். "இந்தப் பிள்ள இந்தப் பாடு படுதுன்னா, அது ஏதோ பெரிய படிப்பாத்தான் இருக்கணும். நம்ம பிள்ளைய நாமளே எதுக்குத் தடுக்கணும்?"

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் மொதல்லயே அதத்தான சொன்னேன்," என்றார். அச்சன்புதூருக்கு அவரே போன் போட்டு, பெண் படிக்கப் போகிறாள் என்று சொல்லிவிட்டார்.

ஆவணியில் அவள் கிளம்பிப் போனாள். வேறு யாரும் விலகவில்லை. என் பெயர் அந்தப் பட்டியலிலேயே நின்று காலாவதியானது.

அடுத்த வருடமும் அதே இடத்துக்கு விண்ணப்பித்தேன். நேர்காணலுக்கே கூப்பிடவில்லை. இப்போது கல்லூரி வேலையோடு பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருக்கிறேன். உதவித்தொகை எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரில் பாட்டில்களைக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகிறேன். முன்பு போலில்லாமல், அங்கே மடை திறக்க வருகிறவர்களிடம் நின்று பேசுகிறேன். அவள் வாரம் ஒருமுறை கூப்பிடுகிறாள். எல்லாம் பேசுவாள். எழுதுவதை மட்டும் எனக்குக் காட்டுவதில்லை. கேட்க எனக்கும் வாய் வருவதில்லை.

போன ஆடியில் கள ஆய்வுக்காகத் தன் வழிகாட்டியை ஊருக்கு அழைத்து வந்திருந்தாள். அவர் சமூகவியல் பேராசிரியை. மூவரும் வயலோரம் ஒரு கடையில் டீ குடித்தோம். அவர் என் பக்கம் திரும்பி, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தபோதே அவள் முந்திக்கொண்டாள். எங்கிருந்தெல்லாமோ வந்து ஒரு நாள் குளித்துவிட்டுப் போகிறவர்களின் அழுக்கை வருடம் முழுவதும் யார் வயல் சுமக்கிறது என்பதைத்தான் இவள் தேடுகிறாள் என்றாள். பேராசிரியை டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நோட்டை எடுத்தார். என்னிடம் வரிசையாகக் கேள்வி கேட்டார். மின்னஞ்சல் முகவரியும் வாங்கிக்கொண்டார்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் என் ஆய்வை ஒரே வரியில் அவ்வளவு அழகாகச் சொல்ல எனக்கு வரவில்லை, அவளுக்கு வந்தது. டீ ஆறிக்கொண்டிருக்க, அதை நினைத்து அப்போதும் எனக்குப் பொறாமையாக இருந்தது.