சூளை ரயில் திரும்பி வரும்வரை

எங்கள் ஊர்ப் பால்வாடியின் வேப்ப மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். பெரிய ரயிலின் தண்டவாளத்தைப் பார்த்த கண்ணுக்கு அது விளையாட்டுச் சாமான் போலத் தெரியும், அவ்வளவு ஒல்லி. அங்கே ஆயாவாக இருந்த என் அத்தை, அப்பாவின் அக்கா, காலையிலும் சோற்று வேளையிலும் அதை ஒரு கம்பியால் தட்டுவாள். தட்டியதும் கம்பியைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் துண்டைப் பிடித்துக்கொள்வாள். உள்ளே ஓடும் அதிர்வு அடங்கும்வரை விடமாட்டாள். மணியடிப்பது என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

சில வாரங்களாக அந்தத் துண்டு ஓயாமல் நினைவுக்கு வருகிறது. என் மகளுக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. விடுப்பை இனி நீட்டிக்க முடியாது, வருகிறீர்களா இல்லையா என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டார்கள். சேக்காட்டில் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே ஒரு குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. ஒருமுறை அதன் வாசல்வரை தூக்கிக்கொண்டு போய்த் திரும்பி வந்துவிட்டேன். “கேமரா இருக்கு, கார்டு காட்டினாதான் குழந்தையைத் தருவாங்க, இன்னும் என்னதான் பயம் உனக்கு?” என்கிறார் கணவர். அவர் சொல்வது சரிதான். அத்தையைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ. சொன்னால் அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பார். அதுவும் சரியாகத்தான் இருக்கும்.

அந்தத் துண்டு சூளை ரயிலின் மிச்சம். நான் பிறப்பதற்கு முன்பே அந்த ரயில் நின்றுவிட்டது. நசரத்பேட்டைப் பக்கம் செங்கல் சூளை வைத்திருந்தவர்கள் சேர்ந்து, எங்கிருந்தோ பழைய தண்டவாளமும் ஒரு குட்டி இஞ்சினும் வாங்கி ஓட்டியது அது. ஒவ்வொரு சூளையிலிருந்தும் ஒரு கிளை கிளம்பி, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, ஏரிக்கரையோரமாக எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு ஆவடிப் பக்கத்துச் செங்கல் களத்துக்குப் போகும். இந்தத் தண்டவாளத்தில் ஒரு கால், அந்தத் தண்டவாளத்தில் ஒரு கால் வைத்து ஓர் ஆள் நின்றுவிடலாம், அவ்வளவு குறுகல் என்பார் அப்பா. போகும்போது செங்கல், சூளைக்குத் திரும்பும்போது வெறும் டிராலிகள். அந்த வெறும் டிராலிகளில்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் பூந்தமல்லிச் சந்தைக்குப் போனார்கள்.

ஸ்டேஷன் கிடையாது, டிக்கெட் கிடையாது. ஊர் ஓரத்து மதகடி வளைவில் வண்டி மெதுவாகும், நிற்காது. பிள்ளையை முதலில் மேலே கொடுக்க வேண்டும், பிறகு கூடை, கடைசியில்தான் பெண் ஏறுவாள். டிராலியில் இருப்பவர் யாராக இருந்தாலும் கை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொள்வார். சில நாள் ஏற முடியாமல் ஒருத்தி கீழேயே நின்றுவிடுவாள். அதற்கும் ஒரு முறை இருந்தது. அவள் அந்த மதகடியிலேயே நிற்க வேண்டும். பிள்ளை சூளைவரை போய், செங்கல் வண்டியில் திரும்பி வந்து, அதே இடத்தில் அவள் கைக்கு இறங்கும். ஊரில் பாதிப் பேர் குழந்தையில் அப்படிப் போய் வந்தவர்கள்தாம். அப்பாவும் போயிருக்கிறார், இரண்டு முறை அழாமல் போனதாகப் பெருமை வேறு.

அத்தையின் மகனுக்கு அப்போது என் மகளின் வயதுதான் இருக்கும். மழை விட்டிருந்த ஒரு காலை. பிள்ளையைக் கொடுத்தாள், கூடையையும் கொடுத்தாள், ஜல்லியில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். டிராலியில் சிரிப்பு. “அங்கியே நில்லுக்கா! உன் புள்ளைய நாங்க இன்னா துன்னுடுவமா?” என்று ஒருத்தி கத்தினாள். அத்தை எழுந்து நின்றாள். கொஞ்ச நேரம் நின்றுதான் இருந்தாள். வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகும் பிள்ளை அழுவது மட்டும் காதில் கேட்டுக்கொண்டே இருந்ததாம். அது கேட்டிருக்க முடியாது என்று பின்னால் அவளே சொல்வாள். வயல் குறுக்கே ஓடினாள்.

சூளைக்கு மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது, பிள்ளையை வாங்கிய பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஐயோ, உங்க ஊருக்கே அனுப்பிட்டேனேக்கா!” செங்கல் வண்டியில் ஓர் ஆள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போயிருந்தார். மதகடியில் யாரும் இல்லை. எதற்கும் நிற்காத அந்த வண்டியை அன்று டிரைவர் நிறுத்தி, ஹாரன் அடித்துக் காத்திருந்தாராம். பிறகு களத்துக்குப் போனார்கள். அங்கே கல் இறக்கிக்கொண்டிருந்த ஒருத்தி பிள்ளையை வாங்கி, தன் பிள்ளைகளோடு நிழலில் உட்கார வைத்து, தின்ன ஏதோ கையில் கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். களத்தை ஒட்டி ஏரிக் கால்வாய். அதில் மழைத் தண்ணீர். தண்டவாளத்தின் மேலேயே நடந்து அத்தை களத்தை அடைந்தபோது, கரையில் எல்லோரும் கூடி நின்றிருந்தார்கள்.

இதில் கெட்டவர் என்று ஒருவரைக்கூட என்னால் காட்ட முடியவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். வாங்கிய ஒவ்வொருவரும் பத்திரமாக இன்னொரு கையில்தான் கொடுத்தார்கள்.

பிறகு லாரி வந்தது. மண் தீர்ந்தது. சூளைகள் மனைகளாயின. தண்டவாளத்தைப் பெயர்த்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள், ஒரு துண்டு பால்வாடிக்கு வந்தது. அதைத் தினமும் தட்ட உனக்கு எப்படி மனசு வருகிறது என்று அம்மா ஒருநாள் கேட்டுவிட்டாள். “அது இன்னா பண்ணும்? இரும்பு. நான் நின்னுருந்தா அது என் புள்ளைய கொண்டாந்து குடுத்துருக்கும்” என்றாள் அத்தை.

பால்வாடியில் அவளுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. காலையில் யார் கொடுத்தாரோ அவர் கையில்தான் சாயங்காலம் பிள்ளை போகும். ஒருநாள் அம்மாவுக்குக் காய்ச்சல், என்னை அழைத்துப் போக அப்பா சைக்கிளில் வந்தார்.

“இன்னாக்கா, நாந்தான வந்துகீறேன். குடு.”

“காலீல குடுத்தது யாரு, நீயா?”

“அவ ஜொரத்துல படுத்துகினு கீறா. நான் பெத்த அப்பன்க்கா!”

“பெத்தவன்தான். குடுத்தவன் இல்லியே.”

வாசலில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். “ஆதார் கேளு ஆயா” என்று இப்போதாக இருந்தால் சொல்லியிருப்பார்கள். கடைசியில் அத்தை என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தாள், அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே திட்டியபடி வந்தார். பாயில் கிடந்த அம்மாவிடம், “வாங்கிக்கோ” என்றாள். அம்மா எழுந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டிய பிறகுதான் என்னை விட்டாள். அதற்குப் பிறகுதான் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டுக் குடித்தாள்.

மகள் பிறந்ததும் அத்தையிடம் தூக்கிக்கொண்டு போனேன். கையில் வாங்கச் சொன்னேன். அவள் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். “வாணாம்மா. வாங்கினா திருப்பிக் குடுக்க நான் இருக்கணுமில்ல?” பிறகு ஒரு விரலை மட்டும் வெளியே எடுத்துக் குழந்தையின் குதிகாலைத் தொட்டாள். குழந்தை எழுந்து நிற்கப் பழகும் முன்பே அத்தை போய்விட்டாள். காரியத்துக்குப் போனபோது பார்த்தேன், பால்வாடிக்குப் புதுக் கட்டடம் வந்திருந்தது. வேப்ப மரம் இல்லை.

இன்று காலை மறுபடியும் காப்பகத்துக்குப் போனேன். வாசலில் ஓர் இளம்பெண் சிரித்துக்கொண்டே கை நீட்டினாள். “சாயங்காலம் நீங்களேதான் குடுப்பீங்களா?” என்று கேட்டேன். பைத்தியக்காரத்தனமான கேள்விதான்.

“மதியம் ஷிஃப்ட் மாறிடும் மேடம். நான் இன்னொரு அக்கா கையில குடுத்துட்டுத்தான் போவேன், பயப்படாதீங்க.”

எதற்குப் பயப்பட வேண்டுமோ அதையே அவள் ஆறுதலாகச் சொன்னாள். மகளின் கை என் தாலிச் சரட்டைப் பிடித்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். கொடுத்தேன்.

உள்ளே அழுகை கேட்டது. கதவு சாத்திய பிறகும் கேட்டது. இது நிஜமாகக் கேட்கிறதா, எனக்கு மட்டுமா என்று தெரியவில்லை. ஓடிப் போய்க் கதவைத் தட்டக் கால் துடித்தது. வெளியே வந்து இரும்பு கேட்டைச் சாத்தினேன். சத்தமிட்டு அதிர்ந்தது. இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டேன். அடங்கும்வரை நின்றேன்.