வராதவைக்குத்தான் முதல் போன்

பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மறுகையில் போனைப் பிடித்தபடி கம்சனா நிற்கிறாள். வலைக்கு இரண்டு பக்கமும் பன்னிரண்டு பேர் முழங்காலை வளைத்துக் காத்திருக்கிறார்கள். அவளுக்கு அவசரமே இல்லை. "துஷானி வரேல்லை. ஆர் போன் அடிச்சுக் கேட்டது? ஒருத்தரும் இல்லையோ? அப்ப விளையாட்டும் இல்லை." போன் போகிறது. பல்லுப் பிடுங்கிய துஷானி மறுமுனையில் "ம்ம், ம்ம்" என்கிறாள். "சரி, ஐஸ்கிறீம் சாப்பிடு. நாளைக்கு வாறன்." அதற்குப் பிறகுதான் பந்து மேலே போகிறது. அதுவும் நேரே கூரையில் அடிபட்டு விழுகிறது. கம்சனாவுக்குக் கரப்பந்தாட்டம் வராது. சத்தியமாக வராது.

ஜேர்மனியின் கொலோன் நகரில் எங்கள் தமிழ்ப் பாடசாலை வாடகைக்கு எடுக்கும் மண்டபத்தில், வெள்ளிக்கிழமை மாலைகளில் இந்தக் கூத்து நடக்கிறது. நான் நிர்வாகச் செயலாளர். மண்டபத் திறப்பு என்னிடம் என்பதால் அவர்கள் முடித்து, நான் பூட்டும்வரை குந்தியிருக்கவேண்டிய தலைவிதியும் என்னுடையது. கம்சனாவுக்கு இருபத்துநான்கு வயது, பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். கண்ணாடிக் கடையொன்றில் வேலை. யாரைக் கண்டாலும் அவர்களின் மூக்கில் சரிந்திருக்கும் கண்ணாடியை நிமிர்த்திவிட்டுத்தான் வணக்கம் சொல்வாள். எனக்கும் செய்தாள். கோபம்தான் வந்தது. ஆனால் ஆறு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் வாட்ஸ்அப்பில் எழுத்து ஒழுங்காகத் தெரிந்தது. சிரித்தால் அவளுக்கு விக்கல் வரும், விக்கல் வந்தால் இன்னும் சிரிப்பாள்.

"எப்பிடி இருக்கிறாய்?" என்று கேட்டால் இங்குள்ள பிள்ளைகள் எல்லோரும் "ஆலெஸ் கூட்" என்பார்கள். எல்லாம் நல்லம் என்று அர்த்தம். கம்சனா அதை வாங்கிக்கொண்டு போகிற ஆள் இல்லை. "எல்லாம் நல்லமெண்டால் அதை ஏன் கீழை பாத்துச் சொல்லுறாய்?" என்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன் பிரவீணன் மூன்று வெள்ளி தொடர்ந்து வரவில்லை. தொழிற்பயிற்சிச் சோதனையில் இரண்டாம் முறையும் கோட்டைவிட்டதை வீட்டில் சொல்லாமல் அறைக்குள்ளேயே கிடந்தான். போன் எடுக்கவுமில்லை. ஒரு பிறந்தநாள் வீட்டிலிருந்த கம்சனா, உடுத்த சேலையோடு, அங்கே கிடந்த வடைத் தட்டையும் ஐந்து பெடியளையும் கூட்டிக்கொண்டு போய் மணியடித்தாள். கதவைத் திறந்த தாய் நேசமலர் சேலையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், வந்தது கலியாணப் பேச்சென்றே முடிவுகட்டிவிட்டார். "இப்ப பொம்பிளை தானே தேடி வாறது முறையோ?" என்று வாயெல்லாம் பல்லாகக் கோப்பி போட ஓடினார்.

அந்த இடைவெளியில் கம்சனா அறைக்குள் போய்த் தரையில் இருந்தாள். சுற்றி வளைக்கவில்லை. "சாகலாம் எண்டு யோசிக்கிறியோ?" என்று நேரே கேட்டாள். அவன் "ஓம்" என்றான். அவள் அலறவில்லை, புத்தி சொல்லவில்லை. "சொன்னது நல்லம். நான் இஞ்சைதான் இருக்கிறன்." பிறகு தாயைக் கூப்பிட்டு அவன் வாயாலேயே சொல்லவைத்தாள். அன்றைக்கே மூன்று பேருமாக மருத்துவமனைக்குப் போனார்கள். பிரவீணன் இன்று சோதனை பாஸ். வெள்ளிக்கிழமைகளில் அவன்தான் நடுவர். பக்கச்சார்பான நடுவர் என்பது என் அபிப்பிராயம். நேசமலர் மட்டும் இப்போதும் பெருமூச்சு விடுகிறார்: "தங்கமான பிள்ளை. எங்களுக்குக் குடுத்துவைக்கேல்லை."

இந்த வருட ஆண்டு விழாவில், சாக நினைப்பதைப் பற்றி இளையோரே மேடையில் பேசவேண்டும் என்று கேட்டுக் கம்சனா நிர்வாகக் கூட்டத்துக்கு வந்தாள். தலைவர் தியாகராசா அண்ணை மேசையில் தட்டினார். "வேணுமெண்டால் டொக்டர் ஒருத்தரைக் கூப்பிடுவம். தற்கொலை எண்ட சொல்லு எங்கட மண்டபத்திலை வேண்டாம், பிள்ளை."

"கனடாவிலை, வடக்குப் பனிக்குள்ளை இனுயிட் எண்ட பழங்குடிப் பெடியள் இருக்கினம் அங்கிள். தங்கட ஊரிலை தாங்களே கூடி இதைக் கதைக்கினம், தாங்களே ஆளையாள் பாக்கினம். டொக்டரும் வரட்டும். ஆனா பிரவீணன் வாயைத் திறந்தது எங்களுக்குத்தானே?"

"அது கனடா. இது கொலோன்."

"ஓம் அங்கிள், இஞ்சை குளிர் குறைவு. இன்னும் சுகமாச் செய்யலாம்." விக்கல் வந்துவிட்டது. நாங்களும் சிரித்துத் தொலைத்தோம். சிரித்த வாயால் எப்படி மறுப்பது? பத்து நிமிடம் கொடுத்தோம். சபையில் ஏதும் பிசகினால் வெள்ளிக்கிழமை மண்டபம் இனி இல்லை என்று அண்ணை நிபந்தனை போட்டார். நான் அதை அப்படியே கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

விழாவில் நடனத்துக்கும் கொத்துரொட்டிக்கும் இடையில் அந்தப் பத்து நிமிடம் வந்தது. பிரவீணன் தன் கதையைத் தானே சொன்னான். வடைத் தட்டுக்கு மண்டபம் குலுங்கிச் சிரித்தது, நேசமலர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். அடுத்தது கம்சனா கேட்ட கேள்வி, அதற்கு அவனுடைய "ஓம்". மண்டபத்தில் வேண்டாமென்று அண்ணை தடுத்த அந்தச் சொல்லையும் இரண்டு தரம் சொன்னான். கூரை இடிந்து விழவில்லை.

கம்சனா மைக்கை வாங்கினாள். "இப்பிடி ஒருத்தரை இழந்தவை இஞ்சை இருக்கிறியளோ? விருப்பமெண்டால் மட்டும் கை உயர்த்துங்கோ."

நானூறு பேர். ஒருவரும் அசையவில்லை. போச்சு, பிள்ளைகளின் வெள்ளிக்கிழமை போச்சு என்று நினைத்தேன்.

முன்வரிசையில் தியாகராசா அண்ணையின் கை மேலே போனது.

"என்ர தம்பி," என்றார். "எண்பத்தாறிலை, இஞ்சை அகதி முகாமிலை. நெஞ்சு வருத்தத்திலை செத்தவன் எண்டு ஊருக்கு எழுதினனான். அம்மாவுக்கும் கடைசி மட்டும் அதைத்தான் சொன்னனான்."

உயர்த்திய கையை அவர் இறக்கவில்லை. பின்னால் எங்கோ இன்னொரு கை. பிறகு சுவரோரமாக மூன்று. என்னை அறியாமல் என் கண் நிறைந்துவிட்டது, ஆனால் நெஞ்சுக்குள் என்னவோ லேசாக இருந்தது.

கம்சனா மைக்கைத் தரையில் வைத்தாள். படிப் பக்கம் போகாமல் மேடையிலிருந்து நேரே குதித்தாள். பிரதம விருந்தினர் வராததால் காலியாகக் கிடந்த கதிரையை இழுத்துப்போட்டு அண்ணைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, அவருடைய கை நோகாதபடி முழங்கையைத் தன் உள்ளங்கையில் தாங்கிப் பிடித்தாள்.