மாப்பிள்ளை கொண்டுவந்த இறால்

நெடுங்காட்டிலிருந்து காரைக்காலுக்குக் கீரை விற்க வரும் அஞ்சுகம்தான் முதல் இறாலைக் கொண்டுவந்தாள். கீரைக் கட்டோடு வந்த வாய்க்கால் பாசியில் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தளவு, உடம்புக்குள்ளே குடல் தெரிந்தது. கைருன்னிஸா அதைக் கூடத்தில் காலியாகக் கிடந்த மீன்தொட்டியில் விட்டாள்.

“திங்கக்கூட உதவாத கூனி இறாலுக்கு மாளிகையா, தங்கச்சி?” என்று சிரித்தாலும், கேட்டபோதெல்லாம் அஞ்சுகம் கொண்டுவந்து கொடுத்தாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கணவன் ஜெகபர் சாதிக் சிங்கப்பூரில். கைருன்னிஸாவுக்குப் பொழுதெல்லாம் தொட்டிதான். தாய் இறால் வயிற்றடியில் முட்டைகளை விசிறிக்கொண்டே இருக்கும். பொரிந்த குஞ்சு எறும்புத் தலையளவு. அவற்றில் சில லேசாகச் சிவந்திருந்தன. சிவப்பைக் கூடத்தில் வைத்துக்கொண்டு, மங்கலானவற்றைக் கிணற்றடித் தொட்டிக்கு மாற்றினாள். தலைமுறை தலைமுறையாகப் பிரித்ததில் மிளகாய்ப்பழச் சிவப்பு வந்து நிலைத்தது.

சும்மா வரவில்லை. வயலுக்கு மருந்தடித்த சமயம் வந்த இறால்களை அப்படியே உள்ளே விட்டு, ஒரு தொட்டியையே இழந்திருக்கிறாள். அன்றிலிருந்து புதிதாக எது வந்தாலும் முதலில் கொல்லையில் மண்சட்டி. தொட்டித் தண்ணீர் பருத்தித் திரி வழியாகச் சொட்டுச் சொட்டாகச் சட்டியில் இறங்கும். வந்தது மெல்லப் பழகும். ஒரு மாதம் நோயில்லாமல் மேய்ந்து, சட்டை உரித்தால்தான் கூடத்துக்குள் அனுமதி. வந்த தண்ணீர் ஒரு துளிகூடத் தொட்டிக்குள் போகாது.

மெட்ராஸில் வண்ணமீன் கடை வைத்திருந்த அப்துல் லத்தீப், பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர், தொட்டி முன்னால் அசையாமல் நின்றுவிட்டார். “பெருநாள் கழிச்சு வர்றேன்மா. இதே சிவப்பு நிறைய இருந்துச்சுன்னா, மாசாமாசம் என் கடைக்கு நீதான்.”

அவள் கையால் உருவான ஒன்றை ஊர் தாண்டி ஒருவர் கேட்டது அதுதான் முதல்முறை.

பெருநாளுக்கு ஜெகபர் சாதிக் வந்தான். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து தங்குவதுதான் அந்தத் தெரு வழக்கம். வீடு அவளுடையது, ஆனால் மாப்பிள்ளை வந்துவிட்டால் உம்மா ஜொஹராவுக்கு விசிறிகூட அவன் பக்கம்தான் சுழல வேண்டும். கூடம் நிறையச் சொந்தம். சென்ட், சேலை எல்லாம் கொடுத்து முடித்தபின், துண்டில் சுற்றிய பிளாஸ்டிக் பையை எடுத்தான். உள்ளே கறுப்பு வரி போட்ட இறால்கள்.

“உனக்குத்தான் கைரு.”

அவள் முகம் மலர்ந்தது. பையோடு கொல்லைப் பக்கம் திரும்பினாள்.

“எங்க போறே?”

“சட்டியில விடணும் மச்சான். ஒரு மாசம் பாத்துட்டு…”

“ஒரு மாசமா? அதுக்குள்ள நானே திரும்பிப் போயிடுவேன். எனக்கும் சட்டிதானா?”

சொந்தங்கள் சிரித்தன. உம்மா சிரிக்கவில்லை. “மாப்புள்ள ஆசையாக் கொண்டாந்ததைக் கொல்லையில போடுறியே, புத்தியிருக்கா?” பையைப் பிடுங்கி அவன் கையில் கொடுத்தாள். “நீங்க ஊத்துங்க மாப்புள்ள, பிஸ்மி சொல்லி.”

பைத் தண்ணீரோடு கூடத்துத் தொட்டியில் ஊற்றினான்.

வந்தவை மறுநாளே சுருண்டன. பிறகு அவளுடையவை பால்போல வெளுத்து, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. வயிற்றில் முட்டையோடு செத்தவையும் இருந்தன. கிணற்றடியில் மங்கல்கள் மட்டும் மிஞ்சின.

“உசுருன்னா சாகத்தான் செய்யும். இதுக்குப் போயி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவியா?” என்றான் ஜெகபர் சாதிக். விடுமுறை முடிந்து விமானம் ஏறினான்.

சொன்னபடி லத்தீப் வந்தார். வெறும் தொட்டியைப் பார்த்தார். கைருன்னிஸா வாய் திறப்பதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து உம்மா முந்திக்கொண்டாள். “எங்க மாப்புள்ள சிங்கப்பூர்லேருந்து கொண்டாந்ததை நீங்க பாத்திருக்கணும்! வரிவரியா! இவ வளத்தது அதுக்குக் கால்தூசி.”

லத்தீப் நிமிர்ந்தார். “சிங்கப்பூர் சரக்கா? அடுத்த தடவ வரும்போது எனக்கே நேரா கொண்டாரச் சொல்லுங்களேன்.” தேநீர் குடித்து, விலாசம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். சிவப்பைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உம்மாவுக்கு எழுத வராது. “இப்பவே எழுதிப் போடு. மாப்புள்ளைக்குச் சந்தோஷமா இருக்கும்.”

எழுதினாள். கடை விலாசத்தைப் பிழையில்லாமல் எழுதினாள்.

“இறாலை எப்படிக் கொண்டாரணும், எப்படி இறக்கணும், அதெல்லாம் உனக்குத்தானே தெரியும். எழுதிட்டியா?”

“அவருக்குத் தெரியும் உம்மா” என்று சொல்லி உறையை ஒட்டினாள்.