இறையாண்மைக்கு ஒரு பூசணிக்காய்

ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் தொழிலாளர்கள் தனி ஆட்சி கேட்கிறார்கள் என்று, கடல் கடந்து வந்த மேலாளரிடம் இலக்கணச் சுத்தமான ஆங்கிலத்தில் அறிவித்தவன் நான். அவர் முகம் வெளுத்தது. ஏற்கெனவே வெளுத்த முகம்தான். இருந்தாலும் வித்தியாசம் தெரிந்தது.

அங்கே நான் பயிற்சி அலுவலர், தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளர். அஞ்சல்வழியில் அரசியல் முதுகலை முடித்தவன் சும்மா இருப்பானா? வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் கேன்டீனில் உலகமயம் பற்றிப் பேசுவேன். மேலாதிக்கம், மென்வலிமை, இறையாண்மை என்று ஒவ்வொரு சொல்லாக அவிழ்ப்பேன். இறையாண்மை என்றால் வெளியார் தலையிட முடியாத அதிகாரம் என்பேன். இனி உலகம் முழுக்க ஒரே உடை, ஒரே உணவு, ஒரே பண்டிகை என்று நான் முழங்கும்போது, எதிர் பெஞ்சில் களிக்கு எந்தக் குழம்பு பொருத்தம் என்று தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் சண்டை நடந்துகொண்டிருக்கும். என்னைக் காது கொடுத்துக் கேட்டவர், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் பிரிவின் ஃபோர்மேன் மட்டுமே. சூளகிரிக்காரர். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். அவருடைய இடக்கைச் சுண்டுவிரலில் பாதி பழைய பிரஸ்ஸோடு போயிருந்தது. பூசை போடாமல் ஓட்டியதால் என்பது அவர் கட்சி. பாதுகாப்புத் தடுப்பு இல்லாமல் ஓட்டியதால் என்பது என் கட்சி. ரெண்டையும் செய்தால் என்ன நட்டம் என்று கேட்பார்.

புதிய பிரஸ் வந்தது. தடுப்பு, சென்சார் எல்லாம் இருந்தன. பூசைக்கு மட்டும் தடை. எந்த நாட்டு ஆலையிலும் இயந்திரத்தருகே சடங்கு கூடாது என்பது தலைமையகத்தின் விதி. திங்கட்கிழமை அது ஓடாவிட்டால் ஆர்டர் வேறு நாட்டு ஆலைக்குப் போய்விடும். ஃபோர்மேனின் ஆட்களுடைய வேலையும் கூடவே போகும். அவரோ, “பூசணிக்காய் ஒடைக்காம ஒருத்தன் கையையும் உள்ள உடமாட்டேன்” என்று நின்றுவிட்டார். அவர் ஆட்களில் ஒருவரான கிருஷ்ணகிரி பாய், “எனக்குப் பூசணியில நம்பிக்கை இல்லீங்க, அந்த வெரல்ல இருக்குது” என்று அவர் பக்கமே உட்கார்ந்துகொண்டார்.

மேலாளர் அறையில் கூட்டம். ஃபோர்மேன் என்னைப் பெருமையாகப் பார்த்துவிட்டுப் பேசினார்: “மிஷின் மேல மொதல்ல எங்க இறையாண்மை நடக்கணும். அப்புறந்தான் கம்பெனி. சாரே சொல்லியிருக்காரு.”

என் சொல், இன்னொருவர் வாயில். புல்லரித்தது. புல்லரிப்போடு அப்படியே மொழிபெயர்த்தேன். ஆலையைக் கைப்பற்றப் போகிறார்களா என்று கேட்டபடி மேலாளர் தலைமையகத்தை அழைக்கத் தொலைபேசியை எடுத்தார். நான் பதறிப்போய் ஃபோர்மேனிடம் திரும்பினேன்.

“எவ்வளவுய்யா வேணும் உங்களுக்கு?”

“ஒண்ணு போதுங்க. நல்லா முத்துனதா, குங்குமம் வெச்சு.”

“எது?”

“பூசணிக்காய்தாங்க. இறைன்னா சாமி. சாமிக்குச் செய்யறது இறையாண்மை. அதுல வெளியாளு தலையிடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

விஷயத்தைச் சொன்னதும் மேலாளர் தொலைபேசியை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஆலையே போய்விட்டது என்று நினைத்தவருக்குக் காய் ஒரு பொருட்டா? வாசலுக்கு வெளியே, தீ இல்லாமல், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து உடைக்கலாம் என்றார். அப்படியே உடைத்தார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு பூசணிக்காய் உடைத்த முதல் மனிதர் எங்கள் ஃபோர்மேனாகத்தான் இருக்க வேண்டும். திங்கட்கிழமை பிரஸ் ஓடியது. ஆர்டரும் தங்கியது, ஆட்களும் தங்கினர். இன்று அங்கே எந்தப் புது இயந்திரம் வந்தாலும் கண்ணாடியும் பூசணிக்காயும் சேர்ந்தே வருகின்றனவாம். ஒரே உலகம் வரும் என்று நான் சொன்னது பொய்யில்லை. வரும் வழியில் அதுவும் குங்குமம் வைத்துக்கொள்ளும் என்பதைத்தான் சொல்லத் தவறிவிட்டேன்.

பூசணிக்காய் உடைத்த அன்று மாலை கேன்டீனில் என் தவற்றை ராஜதந்திரமாக்கிவிட்டேன். பெரியதைக் கேட்டு மிரட்டிச் சிறியதை வாங்குவதுதான் வல்லரசுகளின் வழி என்று விளக்கினேன். ஃபோர்மேன் டீயை ஆற்றிக் குடித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

“அடுத்த மாசம் சம்பளப் பேச்சு இருக்குதுங்க சார். அதையும் நீங்களே தப்புத் தப்பா இங்கிலீசுல சொல்லிடுங்க.”