கறம்பக்குடிக்கு ஓர் ஊஞ்சல் ஆடப் போனோம்

சித்திரை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அரிமளத்திலிருந்து கறம்பக்குடிக்குப் போய்வந்தோம். இந்தத் தடவை கோயிலுக்கு இல்லை, ஓர் ஊஞ்சலுக்காக. என் மகள் அபிராமிக்குப் பத்து வயது. பிறந்ததிலிருந்தே கால்களில் பலமில்லை, சக்கர நாற்காலிதான். எங்கள் ஊர்ப் பூங்காவில் மற்றப் பிள்ளைகள் ஆடும்போது, மணல் தொடங்கும் இடத்தில் இவள் நாற்காலி நின்றுவிடும். எல்லாரும் செருப்பைக் கழற்றி இவள் பக்கத்தில் போட்டுவிட்டு ஓடுவார்கள். பொங்கலுக்குப் பிறகு ஒருநாள், “இனிமே என்னையப் பூங்காவுக்குக் கூப்புடாதீங்கம்மா” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்து, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான ஊஞ்சல்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். விலை கேட்டால் தலை சுற்றியது. கடைசியில் வழிகாட்டியவள் அம்மன்தான். எங்கள் கோயில் ஊஞ்சல் உற்சவத்தில் அம்மனைப் பீடத்திலிருந்து பிரிக்க மாட்டார்கள். பீடத்தோடு தூக்கிப் பலகையில் வைத்து, அடியில் கட்டை கொடுத்து, சங்கிலியோடு துணியால் கட்டுவார்கள். அம்மனைப் பீடத்தோடு ஏற்றலாம் என்றால் அபியை நாற்காலியோடு ஏற்றக் கூடாதா?

மறுநாள் வாசல் தெளித்துவிட்டுக் கோலத்துக்குப் பதிலாக நான்கடிச் சதுரம் ஒன்று போட்டேன். அபியை அதன்மேல் நாற்காலியை உருட்டச் சொன்னேன். சக்கரம் மாவை மிதித்த இடத்திலெல்லாம் அழித்துப் போட்டேன். நாற்காலி நிற்க அந்த இடம் போதும், திரும்பத்தான் போதாது என்பதை அந்த மாவுதான் எனக்குச் சொன்னது. அதனால் முன்னும் பின்னும் சரிவுப் பலகை வைத்து, ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிற மாதிரி மாற்றினேன். தெருவில் போனவர்கள், “என்ன கோலம் இது?” என்று கேட்டார்கள். ஊஞ்சல் கோலம் என்றேன்.

அதை இரும்பில் செய்யச் சம்மதித்தவர் கறம்பக்குடியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பாண்டி. என் அக்கா வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர். அபி ஆடிப் பார்த்துச் சரி என்றால் எங்கள் ஊர்ப் பூங்காவில் ஒரு மூலையில் நட்டுக்கொள்ளப் பேரூராட்சியில் அனுமதியும் வாங்கியாயிற்று. அவள் வேண்டாம் என்றால் அது வெறும் இரும்பு.

காலை 5.45-க்கு வேன் வந்தது. நாற்காலி மடங்காது என்பதால் பஸ் சரிப்படவில்லை. வாடகை, காத்திருப்பும் சேர்த்து, 2,400 ரூபாய். டிரைவர் ராசு அண்ணன் எங்கள் தெருக்காரர்.

“ஏந் தங்கச்சி, ஒரு ஊஞ்சலப் பாக்கவா இம்புட்டுத் தூரம்?”

“பாக்க இல்லண்ணே, ஆட.”

“அப்ப எனக்கும் ஒரு ஆட்டம் உண்டுல்ல?”

“ஒங்க தொப்பையத் தாங்காது மாமா” என்றாள் அபி. வண்டியில் ஏறிய பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது.

புதுக்கோட்டையைத் தாண்டும்போது வெயில் இன்னும் பழுக்கவில்லை. ஆலங்குடியில் வண்டியை நிறுத்தி, கோயில் வாசலில் நின்றபடியே கும்பிட்டு, திருநீறு வாங்கி அபி நெற்றியில் வைத்தேன். அதற்குப் பிறகு வந்த சாலைதான் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இரண்டு பக்கமும் செம்மண், தோப்பு, மறுபடியும் தோப்பு. எங்கோ பலா பழுத்திருந்தது. அந்த வாசனை வண்டிக்குள் வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டது. என் அரைத் தூக்கத்தில் அபியின் தலைமுடி காற்றில் பறக்கிறது. வேன் போகிறதா, ஊஞ்சல் போகிறதா என்று எனக்கே பிரியவில்லை. கண்விழித்தபோது மணி 7.30, கறம்பக்குடி. வண்டி மீட்டரில் 58 கிலோமீட்டர்.

பட்டறைக்குப் பின்னால் பலாமர நிழலில் ஊஞ்சல் நின்றது. பச்சை வண்ணம், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, நாற்காலியைக் கட்ட பெல்ட், பிடித்து இழுத்துத் தானே ஆட்டிக்கொள்ள எதிரே ஒரு கயிறு. யாரும் தள்ளிவிட வேண்டியதில்லை. கனமான பலகை யார்மேலும் மோதிவிடக் கூடாது என்று நாலாபுறமும் வேலிக்கம்பி, அதற்கொரு கதவு, கதவுக்குத் தாழ்ப்பாள். சங்கிலியில் மணிகள். அவை பாண்டியின் மகள் மலருக்காக. அவளுக்குக் கண் தெரியாது. ஊஞ்சல் எங்கே வருகிறது என்று மணிச் சத்தத்தை வைத்துப் பிள்ளைகள் ஒதுங்கிக்கொள்ளலாம். நான் கொண்டுபோயிருந்த மல்லிகைச் சரத்தைச் சங்கிலியில் சுற்றினேன். மனம் நிறைந்திருந்தது.

அபி ஏறினாள். பெல்ட்டைப் பூட்டி, கதவைத் தாழிட்டு நாங்கள் வெளியே நின்றோம். அவள் கயிற்றை இழுத்ததும் பலகை மெல்லப் புறப்பட்டது. நான் கண்ட கனவு அப்படியே நடந்தது, பறக்கும் தலைமுடி உட்பட. தெருப் பிள்ளைகள் எட்டுப் பத்துப் பேர் வேலியைப் பிடித்துக்கொண்டு வாய் பிளந்து பார்த்தார்கள்.

“என்னடி இம்புட்டு மணி அடிக்கிது? சாமி கெளம்பிருச்சா?” என்றாள் மலர்.

“ஆமாடி, கன்னத்துல போட்டுக்க” என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

அபி கயிற்றை விட்டுவிட்டாள். ஊஞ்சல் தானாக நின்றது.

“எறக்கி விடுங்கம்மா.”

“ஏன்டா, பயமா இருக்கா?”

“பயமெல்லாம் இல்ல. நான் என்ன சாமியா? எல்லாரும் சுத்தி நின்னு பாக்குறாங்க. அங்கிட்டு மணல்ல தனியா இருந்தேன், இங்கிட்டு வேலிக்குள்ள தனியா இருக்கேன். பக்கத்துல ஒருத்தரு ஒக்கார எடம் இருக்கா?”

நாற்காலியின் அகலம், நீளம், கனம் எல்லாம் அளந்திருந்தேன். அவளோடு இன்னொரு பிள்ளை உட்கார ஓரடி கூட அளக்கவில்லை. கருவறையில் ஒருத்தியை உட்காரவைக்கிற மாதிரியே செய்து வைத்திருக்கிறேன்.

பாண்டி தலையைச் சொறிந்தார். “மூணு வாரத்து வேலை அக்கா. பெயிண்டு இன்னும் சரியாக் காயக்கூட இல்ல.”

“பலகைய நீட்ட முடியுமா தம்பி?”

“இரும்புதானேக்கா, நீட்டிப்புடலாம். எம்புட்டுன்னு சொல்லணும்ல?”

பாண்டியின் மனைவி உள்ளே போய்க் கோலமாவு டப்பாவோடு வந்தார். பட்டறைத் தரையைப் பெருக்கி, நடுவில் அபியை நாற்காலியோடு நிறுத்தினேன். வேலியோரம் நின்ற பிள்ளைகள் சத்தத்தோடு உள்ளே வந்தார்கள். இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர் தரையில் உட்கார, சுற்றிக் கோடு இழுத்தேன். “தள்ளி ஒக்காருடி, எருமை” என்று அபி ஒருத்தியை அதட்டினாள். அந்த அதட்டலைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழடி வந்தது.

பாண்டி பகல் இரண்டு மணிவரை அதிலேயே மூழ்கிவிட்டார். அடிச்சட்டத்தை நீட்டி, நாற்காலி நிற்கும் இடத்துக்கு இருபுறமும் தற்காலிகமாக இரண்டு பெஞ்சுகளைப் பற்றவைத்தார். வேலியைக் கழற்றவில்லை. மோதினால் ஆபத்து, அது வேண்டும். உள்ளே ஒருத்திக்குப் பதில் ஐந்து பேர், அவ்வளவுதான். சூடு ஆறியதும் மலர் சங்கிலியைத் தடவிக்கொண்டே ஏறி அபி பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு மூன்று பேர்.

“இழு அபி, நல்லா இழு! சோறு திங்கலையா நீயி?” என்று மலர் கத்தினாள்.

“நீயும் ஒரு கை புடிடி, மகாராணி மாதிரி ஒக்காந்திருக்க!”

இருவர் கையும் ஒரே கயிற்றில். பலா நிழல் அவர்கள் மேல் ஏறியும் இறங்கியும் போனது. மணிச் சத்தம் இந்தத் தடவை யாருக்கும் கேட்கவில்லை, அவ்வளவு கூச்சல். நான் பட்டறைப் படியில் உட்கார்ந்து, நேரம் போவதே தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதுபோல் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பஸ்ஸில் போவதானால் புதுக்கோட்டையில் மாறி, ஆலங்குடி வழியாகக் கறம்பக்குடிக்குப் போக வேண்டும். கோடையில் ஆறு மணிக்கு முன் கிளம்பிவிடுங்கள். தண்ணீர், தொப்பி, நாற்காலிக்கு ஒரு தடித்த துண்டு அவசியம், வெயிலில் கைப்பிடி சுடும். சாப்பாடு ஆளுக்கு 90 ரூபாய் ஆனது. நீட்டிய வேலைக்கு 3,500 கூடியது. ஊஞ்சல் செய்வதானால் காகிதத்தில் வரையாதீர்கள். தரையில் கோடு போட்டு, பிள்ளையை வைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளையை மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள்.

ஊருக்குத் திரும்பும்போது மணி ஐந்தே கால். பூங்காவைத் தாண்டும்போது அபி, “மாமா, நிப்பாட்டுங்க” என்றாள். ஜன்னல் வழியாக நெடுநேரம் பார்த்தாள். மாதக்கணக்கில் அந்தப் பக்கம் திரும்பாதவள்.

“எந்த எடத்துலம்மா வைக்கப் போறோம்?”

காட்டினேன். பின்பக்கச் சுவரை ஒட்டிய மூலை.

“அங்க வேணாம். வாசல்கிட்ட, எல்லாரும் வர்ற வழியில வைக்கணும்.”

“மூலைதானடா குடுத்திருக்காங்க. போய்த்தான் கேக்கணும்.”

“திங்கக்கெழம போவோம்” என்றாள். “நானும் வாரேன்.”